அவஸ்தைப்படுறதுல கெட்டிக்காரர்: ஜான் லெ மெஷரர்

"டாட்ஸ் ஆர்மி சீரியல்ல அந்த ஒல்லியான சார்ஜெண்ட்டா வர்றவர் யாரு, ஒண்ணுமே பண்ணாம நிக்கிறாரு ஆனா பார்த்தாலே சிரிப்பு வருது, நிஜத்துலயும் ஆளு அப்படித்தானா, வேற எதுல நடிச்சிருக்காரு, எங்க ஆரம்பிச்சு பார்க்கலாம்"னு கேட்டிருந்தீங்க. அவர் பேரு ஜான் லெ மெஷரர், பிரிட்டிஷ் நடிகர். ஆங்கிலத்துல எழுதியிருக்கறத பார்த்தா லே மெசூரியேன்னு படிக்கத் தோணும், ஆனா சொல்றது லெ மெஷரர்னுதான். அந்த ஊர்ல எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் ஏழாம் பொருத்தம், அதே சீரியல்ல கேப்டன் பேரை மெயின்வேரிங்னு எழுதிட்டு மேனரிங்னு கூப்பிடுவாங்க.

எனக்கு இவர் மேல கொஞ்சம் பைத்தியம் உண்டு, அதனால பதில் நீளமா போகும், முன்னாடியே சொல்லிடறேன்.

முதல்ல அந்த ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், நிஜத்துலயும் அப்படித்தானான்னு. ஆமா, ஏறக்குறைய அப்படித்தான். 1968ல பிபிசி இந்த சீரியலுக்கு ஆள் பிடிச்சிட்டு இருந்தப்ப காமெடி டிபார்ட்மெண்ட் தலைவரா இருந்த மைக்கேல் மில்ஸ், தயாரிப்பாளர் டேவிட் கிராஃப்ட் கிட்ட, லெ மெஷரரைத்தான் போடணும், அவர் ரொம்ப நல்லா அவஸ்தைப்படுவார்னு சொன்னாராம். ஒரு நடிகரைப் பத்தி இதைவிட சரியா யாரும் சொல்லிட முடியாது. அவரோட மொத்த தொழிலும் அந்த அவஸ்தைதான், கூட இருக்கறவன் கத்துவான், குதிப்பான், உளறுவான், இவர் லேசா கண்ணை மூடி நெத்தியைத் தடவிப்பாரு, அவ்வளவுதான், தியேட்டரே சிரிக்கும்.

ஆள் பிறந்தது 1912 ஏப்ரல் 5, பெட்ஃபோர்ட்ல. முழுப் பேரு ஜான் எல்டன் லெ மெஷரர் ஹாலிலி. லெ மெஷரர்ங்கறது அம்மா வழிப் பேரு, அவங்க சேனல் தீவுகள்ல ஆல்டர்னிக்காரங்க. அப்பா வக்கீல், வசதியான குடும்பம், வளர்ந்தது பரி செயிண்ட் எட்மண்ட்ஸ்ங்கற ஊர்ல. ஷெர்போர்ன்னு டார்செட்ல ஒரு பெரிய போர்டிங் ஸ்கூல், அங்க சேர்த்துவிட்டாங்க, மனுஷனுக்கு அந்த ஸ்கூலே பிடிக்கல, கடைசி வரைக்கும் அதைப் பத்தி கசப்பாத்தான் பேசினாரு. அதே ஸ்கூல்ல அதே காலத்துல படிச்ச இன்னொரு பையன் ஆலன் டூரிங், கம்ப்யூட்டர் டூரிங்தான், அவரோட அப்பா நம்ம மெட்ராஸ் பிரசிடென்சியில ஐசிஎஸ் ஆபீசரா இருந்தவர். இது சும்மா ஒரு கிளைக்கதை, விடுங்க.

அப்பா மாதிரியே வக்கீல் ஆகணும்னு ஊர்லயே ஒரு சொலிசிட்டர் ஆபீஸ்ல குமாஸ்தா பயிற்சிக்கு உக்கார வச்சாங்க. 1933ல அதைத் தூக்கிப் போட்டுட்டு லண்டன்ல ஃபே காம்ப்டன்ங்கற நடிகை நடத்தின நடிப்புப் பள்ளியில போய் சேர்ந்துட்டாரு, அப்ப கூட படிச்சவர் பின்னாடி பெரிய நடிகரான அலெக் கின்னஸ். அடுத்த வருஷம் எடின்பரோவுல ஒரு ரெப்பர்ட்டரி கம்பெனியில வேலை, வாரத்துக்கு மூணு பவுண்டு பத்து ஷில்லிங். ரெப்பர்ட்டரின்னா ஒரே குழு ஒரு நாடகத்தை ராத்திரி போட்டுக்கிட்டே பகல்ல அடுத்த நாடகத்தை ஒத்திகை பார்க்கும், வாரா வாரம் புது நாடகம், வசனம் மண்டையில ஏறுறதுக்குள்ள அது முடிஞ்சு அடுத்தது வந்துரும். ஓல்டம் ஊர்ல ஒரு தியேட்டர்ல இவர் தூங்கிப்போய் ஒரு ஷோவையே விட்டுட்டாரு, ஒரு வாரத்துல வேலை போச்சு. சார்ஜெண்ட் வில்சன் அப்பவே ரெடின்னு எனக்குத் தோணும்.

1940ல ஜூன் மெல்வில்ங்கற நாடக இயக்குநரைக் கல்யாணம் பண்ணாரு. அதே வருஷம் லண்டன்ல ஜெர்மன் குண்டு விழுந்ததுல குடியிருந்த வாடகை வீடும் போச்சு, வேலை பார்த்துட்டு இருந்த பிரிக்ஸ்டன் தியேட்டரும் அடி வாங்குச்சு. கொஞ்ச நாள்ல ராணுவத்துல சேரச் சொல்லி ஆர்டர், அங்க இவர் எப்படிப் போய் இறங்கினாருன்னா டாக்ஸியில, கையில கோல்ஃப் மட்டையோட. டாங்கிப் படையில போட்டாங்க, 1943ல இந்தியாவுக்கு அனுப்பினாங்க, அன்னைக்கு பிரிட்டிஷ் இந்தியாவோட வடமேற்கு எல்லையில மிச்சப் போரைக் கழிச்சாரு, கேப்டன் பதவியோட 1946ல வெளிய வந்தாரு. தனக்குக் கிடைச்சது ரொம்ப சொகுசான போர், கேப்டன் பதவிகூட தன் மேல திணிக்கப்பட்டதுதான்னு பின்னாடி அவரே எழுதினாரு. இது முக்கியம், மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

போர் முடிஞ்சு வந்ததும் சினிமா. 1948ல முதல் படம், அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க 120 படத்துக்கு மேல. ஆனா எல்லாம் சின்ன சின்ன ரோல், டாக்டரு, நீதிபதி, போலீஸ் இன்ஸ்பெக்டரு, ராணுவ அதிகாரி, ஆபீஸ் மேனேஜரு, ரெண்டு சீன் வருவாரு போயிருவாரு. கூப்பிட்டா போய் நடிச்சுட்டு வர்ற கூலி நடிகன்னுதான் தன்னைச் சொல்லிப்பாரு, சுயசரிதைக்கே எ ஜாபிங் ஆக்டர்னுதான் பேர் வச்சாரு. பென்ஹர் படத்துல கூட டாக்டரா ஒரு துண்டு ரோல் இருக்கு, பிங்க் பாந்தர்ல வக்கீல், இட்டாலியன் ஜாப்ல ஜெயில் கவர்னர். பாதிப் பேர் அவர் முகத்தை ஐம்பது தடவை பார்த்திருப்பாங்க, பேரு தெரியாது. குணச்சித்திர நடிகனோட தலையெழுத்தே அதுதான், முகம் ஊருக்கே தெரியும், பேரு சம்பளப் பட்டியல்ல மட்டும் இருக்கும்.

இந்த துண்டு ரோல்கள்ல எனக்குப் பிடிச்சது 1959ல வந்த ஐம் ஆல்ரைட் ஜாக். போல்ட்டிங் சகோதரர்கள் எடுத்தது, பீட்டர் செல்லர்ஸ் யூனியன் தலைவரா பிச்சு உதறின படம். அதுல லெ மெஷரர் டைம் அண்ட் மோஷன் ஆளு, அதாவது தொழிலாளி எத்தனை நொடியில ஒரு வேலையை முடிக்கிறான்னு ஒளிஞ்சு நின்னு ஸ்டாப்வாட்ச்ல அளக்குறவரு. ஒரு சின்ன விஷயம் சேர்த்திருப்பாரு, முகத்துல ஒரு துடிப்பு. அடுத்தவன் நேரத்தை அளந்து அளந்தே தன் நரம்பு போயிருச்சுங்கற கதையை அந்த ஒரு துடிப்புலயே சொல்லிடுவாரு, ஸ்கிரிப்ட்ல பக்கம் பக்கமா எழுதத் தேவையில்ல.

நிறைய பேர் சின்ன ரோல் கிடைச்சா கிடைச்ச ரெண்டு நிமிஷத்துல எல்லா வித்தையையும் இறக்கிடுவாங்க. இவர் நேர்மாறு, குறைச்சுக்கிட்டே போவாரு. பக்கத்துல ஒருத்தன் சத்தம் போடும்போது ஒரு புருவத்தை மட்டும் அரை அங்குலம் ஏத்துவாரு, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாரு, அந்த மூச்சுலதான் காமெடி. ஒழுக்கமான ஒரு மனுஷன், தான் உருவாக்காத ஒரு குழப்பமான உலகத்துல திக்குத் தெரியாம நிக்கிறான், அந்த மாதிரி ஆளைத்தான் தான் திரும்பத் திரும்ப நடிக்கிறதா அவரே சொல்லியிருக்காரு.

சொந்த வாழ்க்கையைச் சொல்லாம இவர் நடிப்பைப் பேச முடியாது, அதனால சொல்றேன், கிசுகிசுவுக்காக இல்ல. முதல் கல்யாணம் முறிஞ்சு 1949ல ஹேட்டி ஜேக்ஸைக் கட்டினாரு. கேரி ஆன்னு வரிசையா வந்த காமெடிப் படங்கள்ல பெரிய ஆஸ்பத்திரி மேட்ரனா வருவாங்களே, அந்த அம்மாதான், அன்னைக்கு பிரிட்டன்ல வீட்டுக்கு வீடு தெரிஞ்ச முகம். ரெண்டு பசங்க, ராபின், கிம். லண்டன் எர்ல்ஸ் கோர்ட்ல வீடு, எப்பவும் நண்பர்கள் கூட்டம். 1962ல ஹேட்டிக்கு ஜான் ஸ்கோஃபீல்டுன்னு ஒரு டிரைவரோட காதலாயிருச்சு, அந்த ஆள் வீட்டுக்குள்ளயே குடிவந்துட்டாரு. நம்ம ஆள் என்ன பண்ணாரு தெரியுமா? சண்டை போடல, வெளிய போகல, மாடியில இருக்கற சின்ன அறைக்கு தன் படுக்கையை மாத்திக்கிட்டாரு. கீழே மனைவியும் அந்த டிரைவரும், மேல இவரு. ஹேட்டியையும் பசங்களையும் விட மனசில்ல, எப்படியாச்சும் சரியாயிரும்னு நம்பினாரு. 1965ல டைவர்ஸ், அந்தக் காலத்து சட்டப்படி யாராவது ஒருத்தர் தப்பு பண்ணவங்களா நிக்கணும், ஹேட்டியோட பேர் பத்திரிகையில கெடக்கூடாதுன்னு தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. ஊரே இவரைத் திட்டுச்சு, வாயைத் திறக்கல.

அதுக்கு நடுவுல லண்டன் சோஹோவுல ஒரு கிளப்ல ஜோன்னு ஒரு பெண்ணைச் சந்திச்சு 1966ல கல்யாணம். இனிமே நிம்மதின்னு நினைப்பீங்க. கொஞ்ச மாசத்துலயே ஜோன் இவரோட உயிர் நண்பன் டோனி ஹான்காக் மேல காதலாகி அவரோட போயிட்டாங்க. ஹான்காக் யாருன்னா ஐம்பதுகள்ல பிரிட்டனோட நம்பர் ஒன் காமெடியன், அவரோட டிவி தொடர்லயும் தி ரெபல், பஞ்ச் அண்ட் ஜூடி மேன் படங்கள்லயும் லெ மெஷரர் நடிச்சிருக்காரு. ஹான்காக் அப்ப குடியில மூழ்கிட்டு இருந்தாரு, 1968 ஜூன்ல சிட்னியில தற்கொலை பண்ணிக்கிட்டாரு. ஜோன் திரும்பி வந்தாங்க, இவர் ஏத்துக்கிட்டாரு, கடைசி வரைக்கும் ஒண்ணா வாழ்ந்தாங்க. ஹான்காக் மேல கோபம் இருந்த மாதிரியே தெரியல.

சிலர் இதை பெருந்தன்மைன்னு சொல்லுவாங்க, சிலர் முதுகெலும்பு இல்லாத ஆளுன்னு சொல்லுவாங்க. எனக்கு ரெண்டும் முழுசா ஒத்துவரல. வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாதவன்னு சொல்லலாம்னா, கடிக்கத் தெரியும், கடிக்கிறதுல இவருக்கு விருப்பமில்ல, அதுதான் எனக்குத் தோணுறது. அந்த முகத்துல இருந்த சோர்வும் இனிமையும் மேக்கப் ரூம்ல பூசினது இல்லங்கறதுக்குத்தான் இவ்வளவு சொன்னேன்.

இப்ப தேதியைப் பாருங்க. ஹான்காக் செத்தது 1968 ஜூன், டாட்ஸ் ஆர்மி முதல் எபிசோட் ஒளிபரப்பானது 1968 ஜூலை 31.

சீரியல் என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1940ல ஹிட்லர் எப்ப வேணா கடல் தாண்டி வருவான்னு பயந்த நேரம், படைக்குப் போக முடியாத கிழவங்க, சின்னப் பசங்க, தகுதி இல்லாதவங்க எல்லாரையும் சேர்த்து ஹோம் கார்டுன்னு ஒரு ஊர்க்காவல் படை வச்சாங்க. ஜிம்மி பெரி சின்ன வயசுல அதுல இருந்தவர், அந்த அனுபவத்தை வச்சு கிராஃப்ட்டோட சேர்ந்து எழுதினாரு. வால்மிங்டன் ஆன் சீன்னு ஒரு கற்பனை ஊர், அங்க பேங்க் மேனேஜர் மெயின்வேரிங்தான் கேப்டன், அவருக்குக் கீழ அதே பேங்க்ல தலைமை குமாஸ்தாவா இருக்கற வில்சன் சார்ஜெண்ட். 1977 வரைக்கும் ஒன்பது சீசன், 80 எபிசோட், உச்சத்துல 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தாங்க.

இதுல புத்திசாலித்தனம் எங்க இருக்குன்னா, வழக்கமா என்ன பண்ணுவாங்க, மேல்தட்டு ஆள் கேப்டன், உழைக்கிற வர்க்கம் சார்ஜெண்ட். இங்க தலைகீழா மாத்திட்டாங்க. கேப்டன் மெயின்வேரிங் கிராமர் ஸ்கூல்ல படிச்சு கஷ்டப்பட்டு மேல வந்தவர், வில்சன் பெரிய பப்ளிக் ஸ்கூல் பையன், அந்த ஊர்ல பப்ளிக் ஸ்கூல்னா அரசுப் பள்ளி இல்ல, வசதியானவங்க காசு கட்டிப் படிக்கிற தனியார் பள்ளி, அழகா பேசுவான், முயற்சியே பண்ணமாட்டான், ஆனா எல்லாரும் அவனைத்தான் ஐயான்னு பார்ப்பாங்க. மெயின்வேரிங்குக்கு வயிறு எரியும். மொத்த நாடகமும் அந்த எரிச்சல் மேலதான் ஓடுது, ஜெர்மன்காரன் எல்லாம் சாக்கு.

வில்சனை எப்படி நடிக்கிறதுன்னு லெ மெஷரருக்கு முதல்ல பிடிபடல. அப்புறம் யோசிச்சாராம், நாம ராணுவத்துல எப்படி இருந்தோமோ அப்படியே இருந்துட்டா என்னன்னு. நான் மனசுல வச்சுக்கோங்கன்னு சொன்னேனே, அதுதான் இது. யூனிஃபார்ம்ல ஒண்ணு ரெண்டு பட்டனைப் போடாம விட்டாரு, சட்டைக் கையை லேசா மடிச்சு விட்டாரு, குரலைத் தாழ்த்திக்கிட்டாரு, உத்தரவு எல்லாத்தையும் அழைப்பிதழ் மாதிரி சொன்னாரு. அடுத்த தடவை பார்க்கும்போது கவனிங்க, மெயின்வேரிங் "அணிவகுத்து நில்"னு சொல்லச் சொல்லுவாரு, வில்சன் திரும்பி அந்தக் கிழவங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சு, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா கொஞ்சம் வரிசையா நிக்கிறீங்களாங்கற தொனியில சொல்லுவாரு. உத்தரவு போடுறாரா கல்யாணத்துக்குக் கூப்பிடுறாரான்னே தெரியாது. அதைக் கேட்டு மெயின்வேரிங்கா வர்ற ஆர்தர் லோ ஒரு முறை முறைப்பாரு பாருங்க, அந்த முறைப்புக்கு வில்சன் கொடுக்கற பதில் வெறும் ஒரு கண் சிமிட்டல். மெயின்வேரிங் ஏதாச்சும் கிறுக்குத் திட்டம் போட்டா, "அது புத்திசாலித்தனமா இருக்கும்னு நினைக்கிறீங்களா சார்?"னு மெதுவா ஒரு கேள்வி. எண்பது எபிசோட்ல எத்தனை தடவை கேட்டிருப்பாருன்னு எண்ணல, ஒவ்வொரு தடவையும் தொனி மாறும், ஒரு தடவை நிஜ அக்கறை, ஒரு தடவை குத்தல், ஒரு தடவை வெறும் அலுப்பு.

இந்த சீரியல் ஓடிட்டு இருந்த காலத்துலதான் இன்னொண்ணு பண்ணாரு, அதைப் பலபேர் விட்டுடுறாங்க. 1971ல பிபிசியில டென்னிஸ் பாட்டர் எழுதின ட்ரெய்ட்டர்னு ஒரு நாடகம். ரஷ்யாவுக்கு உளவு சொல்லிட்டு மாஸ்கோவுக்கு ஓடிப்போன ஒரு ஆங்கில மேல்தட்டு ஆளு, கிம் ஃபில்பி மாதிரி, அங்க ஒரு ஃபிளாட்ல குடிச்சிக்கிட்டே வெளிநாட்டுப் பத்திரிகைக்காரங்களுக்கு பேட்டி கொடுக்கறான். காமெடி கிடையாது. அதே மென்மையான குரல், அதே தடுமாற்றம், ஆனா இப்ப அதுக்கு அடியில பயமும் வெறுப்பும் தெரியும், குளிர் அடிக்கும். இதுக்குத்தான் பாஃப்டாங்கற பிரிட்டிஷ் சினிமா, டிவி அமைப்போட சிறந்த டிவி நடிகர் விருது கிடைச்சது, வில்சனுக்கு இல்ல. வேற மாதிரி நடிச்சு வாங்கினாருன்னு சில பேர் எழுதுவாங்க, நான் ஒத்துக்கமாட்டேன், அவர் எதையுமே மாத்தல, அதே ஆயுதத்தைத்தான் திருப்பிப் பிடிச்சாரு.

மத்தபடி குரலுக்குன்னே நிறைய வேலை வந்தது. பாட்னு 1975ல வந்த குழந்தைங்க கார்ட்டூனுக்கு கதை சொன்னது இவர்தான், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு இவர் முகத்தைவிட குரல்தான் முதல்ல பழக்கம். 1981ல பிபிசி ரேடியோவுல லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதையை நாடகமா போட்டப்ப அதுல வர்ற பில்போங்கற பாத்திரமா பேசினாரு. ஜாஸ் இசைன்னா உயிரு, ஷூட்டிங் முடிஞ்சா சோஹோவுல ரோனி ஸ்காட்ஸ் கிளப்தான். மூத்த பையன் ராபின் கிட்டார் வாசிச்சு பின்னாடி ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் குழுவுல இருந்தாரு, இளையவன் டிரம்ஸ்.

குடி உண்டு, வாழ்நாள் முழுக்க. ஆனா தள்ளாடி யாரும் பார்த்ததில்ல. 1977ல ஆஸ்திரேலியாவுல மயங்கி விழுந்து ஊருக்குத் திரும்பினப்ப ஈரல் சுருக்கம்னு சொல்லிட்டாங்க. ஒன்றரை வருஷம் தொடவே இல்ல, அப்புறம் பீர் மட்டும்னு ஆரம்பிச்சாரு. 1977 நவம்பர்ல வந்த டாட்ஸ் ஆர்மி கடைசி எபிசோட்ல ஆள் எவ்வளவு இளைச்சிருக்காருன்னு பாருங்க, மனசு கஷ்டமா இருக்கும். 1980ல ஹேட்டி போயிட்டாங்க, 1982ல ஆர்தர் லோ போயிட்டாரு, இவர் 1983 நவம்பர் 15, ராம்ஸ்கேட்ல. கடைசியா சொன்னது எல்லாமே ரொம்ப அழகாத்தான் இருந்ததுன்னு. தன் மரண அறிவிப்பையும் தானே எழுதி வச்சிட்டுப் போயிருந்தாரு, டைம்ஸ் பத்திரிகையில அப்படியே வந்தது, நம்ம பாஷையில சொன்னா "நவம்பர் 15 அன்னைக்கு நான் மண்டையைப் போட்டுட்டேன்னு ஜான் லெ மெஷரர் தெரிவிச்சுக்கறாரு, குடும்பமும் நண்பர்களும் இல்லாம அவருக்கு ஏக்கமா இருக்கு". உயிரோட இருக்கறவங்க செத்தவனை நினைச்சு ஏங்குவாங்கன்னுதான் எல்லாரும் போடுவாங்க, இவர் திருப்பிப் போட்டாரு. ராம்ஸ்கேட் சர்ச்ல இருக்கற கல்லுலயும் பேருக்குக் கீழ எல்லாராலும் நேசிக்கப்பட்ட நடிகர்னு போட்டு கடைசியில ரெஸ்டிங்னு ஒரு வார்த்தை. அந்த ஊர் நடிகருங்க வேலை இல்லாம வீட்ல இருக்கறதை அப்படித்தான் கௌரவமா சொல்லுவாங்க.

பின்னாடி ராபர்ட் பாதர்ஸ்ட்ங்கற நடிகருக்கு ஒரு விசித்திரமான யோகம். ஹேட்டி கதையை 2011ல பிபிசி டிராமாவா எடுத்தப்ப லெ மெஷரரா நடிச்சது அவர், 2019ல டாட்ஸ் ஆர்மியோட தொலைஞ்சுபோன மூணு எபிசோடை மறுபடி எடுத்தப்ப சார்ஜெண்ட் வில்சனும் அவரேதான். மனுஷனையும் வேஷத்தையும் ஒரே ஆள் நடிக்கலாம், யாருக்கும் உறுத்தல, பார்த்துக்கோங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கல்ல. முதல் எபிசோட்ல இருந்து வரிசையா பார்க்காதீங்க, முதல் ரெண்டு சீசன் கறுப்பு வெள்ளை, இன்னும் செட் ஆகியிருக்காது. 1970ல வந்த ஏ வில்சன் மேனேஜர்ங்கற எபிசோடை எடுங்க. வில்சனுக்குப் பக்கத்து ஊர் கிளையில மேனேஜர் வேலையும் படையில ஆபீசர் பதவியும் சேர்ந்து கிடைக்கும், வாழ்க்கையில முதல் தடவையா அந்த ஆள் ஒண்ணுக்கு ஆசைப்படுவான், புது நாற்காலியில உக்காருவான், முதல் நாளே அந்தக் கிளை மேல குண்டு விழுந்துரும். திரும்பி வந்து பழைய மேஜை முன்னாடி நிப்பான், மெயின்வேரிங்குக்கும் என்ன பேசுறதுன்னு தெரியாது. அடுத்து 1973ல வந்த தி ஆனரபிள் மேன், குடும்பத்துல ஒரு சாவுனால வில்சன் பேருக்கு முன்னாடி ஒரு பட்டம் சேர்ந்துக்கும், மெயின்வேரிங் வருஷக்கணக்கா நுழைய முடியாம தவிக்கிற கோல்ஃப் கிளப் அவனை வீடு தேடி வந்து கூப்பிடும். ரெண்டுலயும் வசனம் பேசறவரை விட்டுட்டு பின்னாடி நிக்கிற இவர் முகத்தை மட்டும் பாருங்க, அப்புறம் தைரியம் இருந்தா ட்ரெய்ட்டர்.